வளவுக்கோர் ஆவரை

முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பது எம்மவர் வழங்கும் பழமொழி. கைக்கெட்டும் தூரத்திலே உள்ளதன் அருமையை மனிதர் எளிதில் உணர்வதில்லை என்பதே இதன் கருத்து. வீட்டுத் தோட்டம் அமைப்பதிலே இன்று எம்மவர் கைக்கொள்ளும் போக்கினை நோக்குமிடத்து, இப்பழமொழி மல்லிகைக்கு மட்டுமன்றி வேறு பல செடிகளுக்கும் பொருந்தக் காண்கின்றோம். புதிதாக வீடு கட்டியவர்கள் மதிலை எழுப்பி முடித்ததும் நாற்றுமேடைக் கடைகளுக்குச் சென்று, குரோட்டன், அந்தூரியம், ஓக்கிட்டு என நிழலும் ஈரமும் வேண்டி நிற்கும் செடிகளை நல்ல விலை கொடுத்து வாங்கி வருகின்றனர். அவை தை, மாசி வரையும் தளதளவென்று நிற்கின்றன. பங்குனி வெயில் தொடங்கியதும் வாடுகின்றன. அவற்றைக் காப்பதற்கு நாள்தோறும் இருவேளை கிணற்று நீரை இறைக்க வேண்டியதாகின்றது. அதேவேளையில், அவ்வீட்டுப் படலைக்கு வெளியே, ஒழுங்கையோரத்திலே, எவரும் நீர் வார்க்காத ஒரு செடி பொன்னிறப் பூக்களைச் சொரிந்துகொண்டு நிற்கின்றது. அதுவே ஆவரை.

இக்கட்டுரையிலே ஆவரைச் செடியின் இயல்பினையும், அதனை வீட்டு வளவிலே வளர்க்கும் முறையினையும், அதனால் விளையும் பயனையும் எடுத்துக் கூற விழைகின்றோம். அழகுக்காக மட்டும் நாம் இதனைக் கூற வரவில்லை. எமது கிணறுகளின் நலமும் இதனோடு சம்பந்தப்பட்டது.

நீர்க்கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே சுண்ணாம்புக்கற் பாறைகளின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைப்போமாயின் வில்லை மெலியும், உவர்நீர் மேலேறும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்குப் பல மாரிகள் வேண்டும். இதனோடு, தோட்டங்களிலே மிகுதியாக இடப்படும் பசளைகளாலும் மலக்குழிக் கசிவுகளாலும் நைத்திரேற்று என்னும் உப்பும் பல கிணறுகளிலே மிகுந்துள்ளமை ஆராய்ச்சியாளர்களால் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

மாணவர்கள் இதனை ஒரு சிறு கணக்காகச் செய்து பார்க்கலாம். நீரை விரும்பும் பூஞ்செடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு வாளி, அதாவது 10 இலீற்றர் நீர் வார்ப்பதாகக் கொள்வோம். பத்துச் செடிகளுக்கு 100 இலீற்றர். மழையற்ற 150 நாள்களுக்கு 15,000 இலீற்றர். இது ஒரு வீட்டின் அலங்காரத்துக்கு மட்டும் செல்லும் நீர். ஓர் ஒழுங்கையிலே இருபது வீடுகள் இருப்பின் 3,00,000 இலீற்றராகின்றது. ஆவரையோ முதலாண்டுக் கோடையைத் தாண்டிவிட்டால் எம்மிடம் ஒரு சிரட்டை நீர்தானும் கேட்பதில்லை.

பெயரும் உருவமும்

ஆவரை, ஆவாரை, ஆவிரை என்னும் பெயர்கள் யாவும் இச்செடியினையே குறிப்பன. சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். தாவரவியலறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டிலே இதற்குக் கசியா ஓரிக்குலேற்றா எனப் பெயரிட்டார். பிற்காலத்தார் இதனைச் சென்னா என்னும் சாதியுட் சேர்த்தமையால், இன்று சென்னா ஓரிக்குலேற்றா என்று வழங்கப்படுகின்றது. ஓரிக்குலேற்றா என்னும் இலத்தீன் சொல்லுக்குக் காதுகளையுடையது என்பது பொருள். இலைக்காம்பின் அடியிலே, இருமருங்கும், காது மடல்போன்ற இரு சிறு உறுப்புகள் அமைந்திருத்தலை நோக்கியே இப்பெயர் இடப்பட்டது.

ஆவரை பெரும்பாலும் ஓராள் உயரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வளரும் பற்றைச் செடி. ஓரிலையிலே எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். சிற்றிலைகளின் நுனி கூர்மையின்றி மழுங்கியிருக்கும். மாலையானதும் அவை கூம்பிக்கொள்ளும். பூக்கள் கிளைநுனிகளிலே கொத்தாக மலரும். ஐந்து இதழ்களும் தூய மஞ்சள் நிறம். காய் தட்டையாகவும் மெல்லிதாகவும், முற்றியபின் காய்ந்த கடதாசிபோலவும் இருக்கும். இலங்கையிலே யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய வரண்ட கரையோரப் பகுதிகளிலும், இந்தியாவின் வரண்ட நிலங்களிலும் இது இயற்கையாகவே வளர்கின்றது. எனவே, இது பிறநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று, இம்மண்ணுக்கு உரியது.

இலக்கியத்திலும் வழக்கிலும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும் கொய்து குவித்த மலர்களின் பெயர்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. அம்மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் பனைமடலாற் குதிரை செய்து ஊரறிய ஏறிவரும் மடலேறுதல் என்னும் துறையிலே, அவன் சூடிவரும் மாலைகளுள் ஆவிரை மாலையும் குறிக்கப்படுகின்றது. வேந்தர் சூடும் மாலையன்று. பாதையோரத்திற் பறித்தெடுத்துத் தொடுத்த மாலை. நாணத்தைத் துறந்து தெருவுக்கு வந்தவனுக்குத் தெருவோரத்துப் பூவே துணையாகின்றது. இத்துறையினைக் கற்பிக்கும்பொழுது செடியினை நேரிற் காட்டினாலன்றி மாணவர்க்குப் பாட்டின் சுவை முழுவதும் விளங்குவதில்லை என்பது எமது அனுபவம்.

தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியிலே பொங்கற் காலத்திலே ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் பூளைப்பூவையும் சேர்த்து வீட்டு முகப்பிலே காப்புக் கட்டுவர். தெலுங்கு நாட்டுப் பெண்கள் பதுக்கம்மா விழாவிலே மலர்களை அடுக்கடுக்காகக் கோபுரம்போலச் செய்து வழிபடும்பொழுது, இப்பூவுக்குச் சிறப்பிடம் தருவர். 2014ஆம் ஆண்டிலே உருவான தெலுங்கானா மாநிலம் தனது மாநில மலராக இதனையே தெரிந்தெடுத்தது. எமது நாட்டின் தென்பகுதி மக்கள் உலர்ந்த ரணவராப் பூவைக் கொதிநீரிலிட்டு, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகுவர். ஆங்கிலேயர் இதனை மாத்தறைத் தேயிலை எனக் குறித்தமையும் உண்டு. வடக்கேயுள்ளவர்க்கும் தெற்கேயுள்ளவர்க்கும் ஒருங்கே பழக்கமான இச்செடி இந்நாட்டின் பொதுச் செல்வங்களுள் ஒன்று.

ஆயினும், எமது வகுப்பிலே மாணவர் சிலரிடம், தத்தம் ஊரிலே தாமாகவே வளரும் ஐந்து பூஞ்செடிகளின் பெயர்களை எழுதுமாறு நாம் ஒருமுறை கேட்டபொழுது, பலர் ரோசாவையும் போகன்வில்லாவையும் எழுதினர். ஆவரையை எழுதியவர் பூநகரிப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவரே. மற்றையோர் அதனை நாள்தோறும் கண்டவர்களே, பெயர்தான் அறிந்திலர். பெயர் தெரியாத செடியை வெட்டியெறிதல் எவர்க்கும் எளிது.

தாங்கும் வன்மை

ஆவரை வரட்சியைத் தாங்குவதற்கு அதன் ஆணிவேரே முதற் காரணம். நாற்றுப் பருவத்திலேயே, நிலத்துக்கு மேலே நாம் காணும் உயரத்தினும் மிகுதியாக வேர் கீழே ஓடிவிடும். சிற்றிலைகள் சிறியனவாதலின் வெப்பத்தால் இழக்கும் நீரும் குறைவு. கடுங்கோடையிலே இலைகளிற் சிலவற்றை உதிர்த்து நிற்கும்; மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கும். மணல், செம்மண், சுண்ணாம்பு கலந்த மண், சிறிது உவர்ப்புள்ள கரையோர மண் யாவும் இதற்கு ஏற்றனவே. நீர் தேங்கும் நிலம் ஒன்றினையே இது வெறுக்கும்.

எமது அயலிலே வாழும் மூதாட்டியார் ஒருவர் தமது வளவின் தென்புறத்திலே மதில் கட்டாது ஆவரை வேலியே வைத்திருக்கின்றார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபொழுது, அவரும் குடும்பத்துடன் தென்மராட்சிக்குச் சென்றார். அடுத்த ஆண்டின் நடுப்பகுதியிலே திரும்பி வந்தபொழுது, வீட்டின் கூரையிலே ஓடுகள் இல்லை. கிணற்றினுள்ளே குப்பையும் கல்லும். ஆசையோடு சாடிகளிலே வளர்த்த ரோசாக்கள் கருகிக் குச்சிகளாக நின்றன. வேலி மட்டும் பூத்திருந்ததாம். இதனை அவர் எமக்குக் கூறியபொழுது, "தம்பி, இது தண்ணி கேட்டு அழாத பிள்ளை. நாங்கள் வருவமோ வரமாட்டமோ எண்டு தெரியாமலே பூத்துக்கொண்டு நிண்டது" என்றார். அன்று முதல் அவ்வேலியிலே கத்தி வைப்பதற்கும் அவரிடம் அனுமதி பெற வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து மதில் கட்டப் பணம் அனுப்பியும், தென்புறத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிவிட்டார்.

வன்மையுடைய செடிகள் யாவும் நல்லனவோ என்று சிலர் வினவலாம். 1999ஆம் ஆண்டிலே வவுனியாவில் இனங்காணப்பட்ட பார்த்தீனியமும் நீர் வாராமலே வளர்வதுதான். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இங்கே அதனை உண்டு கட்டுப்படுத்தும் உயிர்கள் இன்மையால், வயலையும் தோட்டத்தையும் நிறைத்துவிடுகின்றது. ஆவரைக்கோ இம்மண்ணிலே உறவும் உண்டு, பகையும் உண்டு. அதன் இலையை உண்பதற்குப் புழுக்கள் இருக்கின்றன. எனவே, அது தன் எல்லையைக் கடந்து பிற செடிகளை அழிப்பதில்லை.

வளர்க்கும் முறை

ஆவரையை வித்து மூலம் வளர்த்தலே சிறந்தது. செடியிலேயே நன்கு முற்றிப் பழுப்பு நிறமாகிக் காய்ந்த காய்களைப் பறித்து, உடைத்து, வித்துகளை எடுத்துக்கொள்க. வித்தின் தோல் மிகக் கடினமானது. அப்படியே ஊன்றினால் சில வித்துகள் பல மாதங்கள் கிடந்தும் முளையா. ஆதலின், வித்துகளைச் சிறிது மணலோடு சேர்த்துக் கரடான கல்லின்மேல் மெல்லத் தேய்க்க வேண்டும். அன்றேல், கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சிறிதுநேரம் ஆறவிட்டு, அதனை வித்துகளின்மேல் ஊற்றி ஓரிரவு ஊறவிடலாம். காலையிலே பருத்திருக்கும் வித்துகளை ஊன்றுக. பருக்காதவற்றை மீண்டும் தேய்த்து ஊறவிடுக. வித்தினை அடுப்பின்மேல் வைத்து நீரோடு கொதிக்கவிடல் ஆகாது.

இதன் ஆணிவேர் ஆழமாக ஓடுவதாதலின், செடி நிற்க வேண்டிய இடத்திலேயே வித்தினை ஊன்றுவது நன்று. ஓரடி ஆழமும் ஓரடி அகலமுமான குழி தோண்டி, மேல்மண்ணோடு ஒரு கடகம் கூட்டெருவைக் கலந்து நிரப்பி, நிலமட்டத்திலும் சற்று உயர்வாக மேடாக்கி, விரல்நக அளவு ஆழத்திலே மூன்று நான்கு வித்துகளை இடுக. ஒன்றிரண்டு வாரங்களிலே முளைக்கும். அரையடி வளர்ந்தபின் வலிய கன்று ஒன்றை நிறுத்தி, மற்றையவற்றைத் தறித்துவிடலாம். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் அசையும். பொலித்தீன் பையிலே நாற்று வளர்ப்போர் ஆழமான பையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்குமேல் பையிலே வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும். பின்னர் நிலத்தில் நட்டாலும் செடி நெடுநாள் நில்லாது.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ளோர்க்குப் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும் ஏற்ற காலம். மாரி முழுவதும் வேர் இறங்குவதற்கு இடம் கிடைக்கும். வேலியாக வைப்பதாயின் மூன்றடிக்கு ஒரு கன்று. தனிச் செடியாக வைப்பதாயின் சுற்றிலும் ஆறடி இடம் விடுக. நாள் முழுவதும் வெயில் படும் இடமே வேண்டும். மாமர நிழலிலே நட்டால் இலைதான் இருக்கும், பூவிராது. கொழும்பு, கண்டி முதலிய ஈரமான இடங்களில் வாழ்வோர் மண்ணை நன்றாக உயர்த்தி, மணல் கலந்து, நீர் உடனே வடியுமாறு அமைத்தல் வேண்டும். நுவரெலியாவின் குளிர் இதற்கு ஒவ்வாது. மாடிவீடுகளில் உள்ளோர் ஆழமான பெரிய சாடியிலே ஆண்டுதோறும் கத்தரித்து வளர்க்கலாமெனினும், ஆணிவேருக்கு இடம் போதாமையால் நிலத்துச் செடியின் செழிப்பை அங்கே எதிர்பார்த்தல் கூடாது.

மழை ஓய்ந்தபின் முதற் கோடையிலே மட்டும், வாரத்துக்கு ஒருமுறை அடிமண் நனையுமாறு நீர் வார்க்க வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். அடியிலே காய்ந்த இலைகளையோ தேங்காய்ப் பொச்சினையோ பரப்பிவிட்டால் ஈரம் நிலைக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து நீர் வேண்டியதில்லை. யூரியா போன்ற பசளைகளும் வேண்டா. அவை இலையைப் பெருக்குமேயன்றிப் பூவைப் பெருக்கா. இளங்கன்றுகளை ஆடு மாடு மிதியாதபடி சிறு முள்வேலி இட்டுக் காப்பது அவசியம்.

கன்று ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் தோன்றிப் பற்றையாகச் செறியும். பின்னர் ஆண்டுக்கொருமுறை, ஆவணி அல்லது புரட்டாதியிலே, மழைக்கு முன்பாகச் செடியின் மூன்றிலொரு பங்கினைக் கத்தரித்துவிடுக. புதுக் கிளைகளின் நுனியிலேயே பூக்கொத்து வருமாதலின், கத்தரிக்காத செடி அடியிலே வெறுமையாகி உச்சியில் மட்டும் பூக்கும். வெட்டிய குழைகளை வீசுதல் வேண்டா. எம்மூர்க் கமக்காரர் பூவரசங்குழை தாழ்ப்பதுபோல, இக்குழைகளையும் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளிலே தாழ்க்கலாம். தமிழ்நாட்டிலே ஆவாரங்குழையை வயலிலிட்டு மிதிப்பது பழைய வழக்கம்.

இங்கு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. அவரைக் குடும்பத்துச் செடிகள் யாவும் வேர்முடிச்சுகளால் வளியிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துவன என்று பரீட்சை விடைகளிலே பலர் எழுதுகின்றனர். ஆவரை அக்குடும்பத்தது எனினும், சென்னாச் சாதிச் செடிகளிலே பொதுவாக வேர்முடிச்சு உண்டாவதில்லை. இதன் குழை மண்ணுக்கு உரமாவது இலையாலேயன்றி வேர்முடிச்சால் அன்று.

வண்டும் வண்ணத்துப்பூச்சியும்

ஆவரைப் பூவிலே தேன் இல்லை. இருந்தும் வண்டுகள் வருகின்றன. அவை தேடி வருவது மகரந்தத்தையே. பூவிலுள்ள பத்துக் கேசரங்களுள் மேலுள்ள மூன்றும் மகரந்தம் தராதவை. கீழுள்ள கேசரங்கள் நீண்டு வளைந்தவை. அவற்றின் மகரந்தக்கூடுகள் மற்றைய பூக்களிற் போல நீளவாட்டிலே பிளப்பதில்லை; நுனியிலே சிறு துளை மட்டுமே உண்டு. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்கின்றது. அவ்வதிர்ச்சியால், மிளகுத்தூள் குப்பியைக் குலுக்கினாற்போல, துளைவழியே மகரந்தம் சிந்துகின்றது. காலைவேளையிலே செடியின் அருகே செவிகொடுத்து நின்றால், வண்டு பறக்கும் ஒலிக்கும் பூவிலே அமர்ந்து அதிரும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவரும் உணரலாம்.

இளம்பச்சை கலந்த வெண்மையும் மஞ்சளுமான கற்றோப்சிலியா இனத்து வண்ணத்துப்பூச்சிகள் ஆவரையின் தளிரிலே முட்டையிடுவன. பச்சைநிறப் புழுக்கள் இலையை உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்களிலே சிறகு பெற்றுப் பறக்கின்றன. பருவந்தோறும் கூட்டங்கூட்டமாகச் சென்று, சிவனொளிபாத மலையை நாடுவதாகப் பண்டுதொட்டு மக்கள் நம்பிவந்த வண்ணத்துப்பூச்சிப் படையிலே இவ்வினத்துக்குப் பெரும்பங்குண்டு. சிங்களத்திலே அம்மலைக்கு வழங்கும் சமனல என்னும் பெயரே வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லாகும். ஆகவே, இலையிலே புழுவைக் கண்டவுடன் மருந்து தெளிக்க ஓடுதல் வேண்டா. புழு தின்ற கிளை அடுத்த மழையிலே தளிர்த்துவிடும். மருந்து தெளித்த வளவுக்கு வண்ணத்துப்பூச்சி எளிதில் திரும்பாது.

பயனும் எச்சரிக்கையும்

பூக்களைக் காலையிலே பறித்து, நிழலிலே உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் இட்டுவைத்தால், வேண்டும்பொழுது கொதிநீரிலிட்டுப் பனங்கட்டியோடு பருகலாம். கோடையிலே வழிநடப்போர் இலைக்கொத்தினைத் தலையிலே வைத்து வெம்மையைத் தணித்துக்கொள்வதும், குச்சியாற் பல் துலக்குவதும் முன்னோர் வழக்கங்கள். பட்டையிலே ஏறக்குறைய நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு துவர்ப்பொருள் இருப்பதனால், தென்னிந்தியாவிலே தோல் பதனிடுவோர் இதனையே பெரிதும் பயன்படுத்தினர். 20ஆம் நூற்றாண்டிலே தென்னாபிரிக்காவிலிருந்து வந்த வற்றில் மரப்பட்டை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டிலே பட்டையை உரித்தல் வேண்டா. சுற்றிவர உரித்த கிளை பட்டுப்போம்.

ஆவரை பூத்திருக்கும் ஊரிலே சாவு நெருங்காது என்னும் கருத்துப்பட ஒரு பழமொழி உண்டு. பழமொழியை மதிக்கின்றோம், ஆனால், அதனை வைத்தியரின் மருந்துச்சீட்டாகக் கொள்ளுதல் தகாது. நீரிழிவுக்கு ஆவரை நல்லதென்பது நெடுங்கால வழக்கு. எலிகளிலே நடத்திய ஆய்வுகள் சில குருதியிலுள்ள வெல்லம் குறைவதைக் காட்டியும் உள்ளன. எலிக்குக் குறைந்தமையால் மனிதர் தம் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எவரும் முடிவு செய்தல் ஆகாது. மாத்திரையும் ஆவரையும் சேர்ந்து வெல்லத்தை அளவுக்கு மிஞ்சிக் குறைத்துவிடவும் கூடும். ஆதலின், நீரிழிவுடையோர் தம் வைத்தியரைக் கேட்டபின்னரே இதனைப் பருகுக. கருவுற்ற தாய்மாரும் சிறு பிள்ளைகளும் தவிர்த்துக்கொள்வது நன்று.

இதனினும் முக்கியமானது செடியைத் தவறின்றி அறிதல். பேயாவரை என்றும் பொன்னாவரை என்றும் வழங்கும் வேறொரு செடி எமது ஒழுங்கைகளிலே ஆவரைக்கு அருகிலேயே வளர்கின்றது. வட இந்தியாவிலே, உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலே, ஏழைச் சிறுவர்கள் பலரைப் பலிகொண்ட நோய்க்கு அச்செடியின் காய்களைத் தின்றமையே காரணம் என்று 2007ஆம் ஆண்டளவில் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். அதன் சிற்றிலைகள் நான்கு முதல் ஆறு சோடிகளே, நுனி கூரியது, கசக்கினால் தீநாற்றம் வீசும். காம்படியிலே ஆவரைக்குரிய காது மடல் இராது. காய் கடதாசிபோலத் தட்டையாக இராது. பிள்ளைகளுக்கு இவ்விரண்டினையும் பக்கத்திலே வைத்துக் காட்டிப் பழக்குவது பெற்றோரின் கடமை. எச்செடியாயினும் காயையும் வித்தையும் வாயிலே வைத்தல் ஆகாது என்பதையும் கூறிவைக்க வேண்டும்.

வளவுக்கு ஒன்று

வீதிகள் அகலிக்கப்படுகின்றன, வேலிகள் மதில்களாகின்றன, வெற்றுக் காணிகள் இயந்திரத்தாலே துப்புரவாக்கப்படுகின்றன. முன்னர் எவரும் நடாமலே எங்கும் நின்ற செடிக்கு இன்று நிற்க இடம் குறைந்து வருகின்றது. இதற்கிடையே, பூவின் மருத்துவப் புகழைக் கேட்டோர் பாதையோரச் செடிகளிலே ஒரு பூவும் விடாது பறித்துச் செல்வதையும் காண்கின்றோம். பூ இன்றேல் காய் இல்லை. காய் இன்றேல் அடுத்த தலைமுறைச் செடி இல்லை. தேவைக்குப் பறிப்போர் கொத்திலே பாதியையாவது விட்டுவைத்தல் முறை. அதனினும் நல்ல வழி, தமக்கு வேண்டிய பூவைத் தமது வளவிலேயே உண்டாக்குதல்.

ஆண்டுதோறும் மாணவர்கள் மரநடுகை விழாக்களிலே கன்று நடுகின்றனர், படமும் எடுத்துக்கொள்கின்றனர். கோடை விடுமுறையிலே நீர் வார்ப்பாரின்றி அக்கன்றுகளிற் பல பட்டுவிடுகின்றன. பாடசாலை வேலியோரத்திலே பத்து ஆவரை வித்துகளை ஐப்பசியிலே ஊன்றிவிட்டு, முதற் கோடையிலே வாரத்துக்கொருமுறை நீர் வார்க்க இருவரைப் பொறுப்பாக வைத்துப் பாருங்கள். அவற்றின் கீழே எழுதிவைக்க வேண்டியது நட்ட பெரியாரின் பெயரன்று, செடியின் பெயரே.

மாரி தொடங்குமுன் உங்கள் ஊரின் ஒழுங்கையோரத்திலே காய்ந்த ஆவரங்காய் இரண்டினைத் தேடி எடுத்து வாருங்கள். பணம் வேண்டியதில்லை, நாற்றுமேடைக்குச் செல்ல வேண்டியதில்லை. வித்தைத் தேய்த்து ஊறவிடும் வேலையை வீட்டிலுள்ள சிறு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். முளை கண்ட நாளை அப்பிள்ளையே நாட்காட்டியிலே குறித்துவைக்கட்டும்.